மெமரி சேனலில் எதையெல்லாம் சேமிப்பது? மைக்ரோ பிட்எக்ஸுக்கு நிரல் எழுதுகிறேன்

சால்டரிங் புகை எழுதியது:

வணக்கம். அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ் என்ற அமெச்சூர் ரேடியோ ரிக் (கேட்கவும் அனுப்பவும் ஆன பெட்டி) ஒன்று என்னிடம் இருக்கிறது, இங்கே பலரிடமும் இருக்கும். உள்ளே ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை, வெளியே 16 எழுத்து இரண்டு வரித் திரை, சுமார் 10 வாட். கூடவே வந்த நிரலில் மெமரி சேனல், அதாவது அமைப்பைச் சேமித்து வைத்துத் திரும்ப அழைக்கிற வசதி, இல்லை என்பதால் நானே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அதிர்வெண்ணையும் மோடையும் (பேச்சா, மோர்ஸா என்கிற வகை) மட்டும் சேமித்தேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன சனிக்கிழமை ராத்திரி 14 மெகாஹெர்ட்ஸில் ஒரு வெளிநாட்டு ஸ்டேஷனுக்காக ஸ்பிளிட் போட்டு, கேட்பது கீழே கூப்பிடுவது மேலே என்று ஒரு மணி நேரம் கத்திப் பார்த்தேன், கிடைக்கவில்லை, ரிக்கை அணைக்காமலே போய்ப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து 7 மெகாஹெர்ட்ஸ் நெட் (குறித்த நேரத்தில் எல்லோரும் கூடிப் பேசுவது) சேனலை அழைத்தால் எல்லோரும் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்கிறார்கள், நான் கூப்பிட்டால் மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சரி ஆண்டெனாதான் போய்விட்டது என்று மாடி ஏறி, பேலன் (ஆண்டெனாவும் கேபிளும் சேரும் இடத்துப் பெட்டி) மூடியைக் கழற்றி, தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, ஒன்றும் இல்லை என்று மறுபடி மூடி, கீழே வந்து பார்த்தால் திரை மூலையில் ஸ்பிளிட் இன்னும் போட்டபடியே இருக்கிறது. கேட்டதெல்லாம் 7-ல், கூப்பிட்டதெல்லாம் 14-ல். பவர் டிரான்சிஸ்டர் உயிரோடு இருப்பது என் பெற்றோர் செய்த புண்ணியம்.

கோபத்தில் எல்லாவற்றையும் சேமிக்கிற மாதிரி மாற்றினேன். ஸ்பிளிட், ஆர்.ஐ.டி (கேட்கும் அதிர்வெண்ணை மட்டும் கொஞ்சம் நகர்த்துவது), சி.டபிள்யூ (மோர்ஸ்) வேகம், சைடுடோன் (மோர்ஸ் தட்டும்போது நமக்குக் கேட்கும் ஊதல்), எல்லாம். இப்போது வேறு தலைவலி. சேனலைத் திருப்பினால் கீயரின் (மோர்ஸ் தட்ட உதவும் பகுதி) வேகம் நிமிடத்துக்கு 18 சொல்லிலிருந்து 12-க்கு விழுகிறது, ஏனென்றால் அந்தச் சேனலைச் சேமித்த அன்று நான் ஒரு புதுப் பையனுக்காக மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

நானோவில் மொத்தமே 1024 பைட் ஈப்ராம்தான் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்). அளவுத்திருத்த எண்கள் வேறு அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எதை வைப்பது, எதை விடுவது? உங்கள் ரிக்குகளில் எப்படி இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

---

பழைய வால்வு எழுதியது:

தம்பி, நாங்கள் அதிர்வெண்ணை மாற்றக் கிரிஸ்டலைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகியவர்கள். அதிர்வெண் ஒன்று போதும். பேச்சுக்கான எஸ்.எஸ்.பி மோடில் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்.எஸ்.பி (கீழ்ப் பக்கப்பட்டை), மேலே யு.எஸ்.பி (மேல் பக்கப்பட்டை), அதைக்கூட நிரலே கண்டுபிடித்துக்கொள்ளும். மீதிக்கு ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

மாடி ஆண்டெனா எழுதியது:

ஐயா சொல்வதில் ஒரு ஓட்டை. எஃப்.டி-8 (கணினி வழியே அனுப்பும் டிஜிட்டல் மோடு) எந்தப் பட்டையிலும் யு.எஸ்.பி-யில்தான் ஓடுகிறது, 7.074 உட்பட. அதிர்வெண்ணை வைத்து மோடை ஊகித்தால் 7.074-ஐ அழைத்தவுடன் எல்.எஸ்.பி-க்குப் போய் நிற்கும், கணினி ஒரு சிக்னலையும் பிரித்துப் படிக்காது. சி.டபிள்யூ-வையும் ஊகிக்க வழியில்லை. மோடைச் சேமித்தே ஆக வேண்டும், ஒரே ஒரு பைட்தானே.

என்னிடம் இருப்பது ஐகாம் 7300 ரிக். அதில் ஒரு சங்கதி கவனித்தேன், இங்கே யாரும் பேசியதாக நினைவில்லை. மெமரியில் அதிர்வெண், மோடு, டேட்டா உண்டா இல்லையா, டோன் (குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த அடையாள ஒலி), 10 எழுத்துப் பெயர், இவற்றோடு ஃபில்டரும் (எவ்வளவு அகலத்துக்குக் கேட்பது என்பது) சேமிக்கப்படுகிறது. ஆனால் சேமிக்கப்படுவது ஃபில்டரின் அகலம் இல்லை, எண். அதாவது 1, 2, 3 என்ற மூன்றில் எது என்பது மட்டும். எஸ்.எஸ்.பி-யில் ரிக் வரும்போது அவை 3.0, 2.4, 1.8 கிலோஹெர்ட்ஸ். ஒரு போட்டியின்போது நெரிசல் தாங்காமல் இரண்டாவதை 1.9-க்குச் சுருக்கினேன், திருப்பி வைக்க மறந்தேன். அடுத்த நாள் இரண்டாவது ஃபில்டரோடு சேமித்திருந்த எஸ்.எஸ்.பி சேனல் அத்தனையிலும் ஆட்கள் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசினார்கள். ஒரு சேனலையும் நான் தொடவில்லை, ஆனால் எல்லாமே மாறியிருந்தது.

இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். அகலத்தையே ஒவ்வொரு சேனலிலும் எழுதியிருந்தால், நாளைக்கு எனக்கு 2.4 பிடிக்காமல் 2.6 வேண்டும் என்றால் நாற்பது சேனலைத் திறந்து திருத்த வேண்டும். எண்ணைச் சேமிப்பதா, மதிப்பைச் சேமிப்பதா என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

---

விடியற்கால நெட் எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், உரிமம் கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. என்னிடம் இருப்பது பாவ்ஃபெங் யு.வி-5ஆர் கைரேடியோ. மலை மேல் இருந்து நம் குரலை வாங்கி வேறு அதிர்வெண்ணில் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரைச் சேமித்தேன். வி.எஃப்.ஓ-வில், அதாவது அதிர்வெண்ணைக் கையால் வைத்தால் பேச முடிகிறது, மெமரியிலிருந்து எடுத்தால் ரிப்பீட்டர் திறக்கவே இல்லை. சரி டோன் விட்டுப்போயிருக்கும் என்று 11-ஆம் மெனுவில் டோனைப் போட்டு மறுபடி சேமித்தேன். இப்போது பேசவும் முடியவில்லை, கேட்கவும் இல்லை. ரேடியோ ஊமையாக இருக்கிறது. என்ன செய்தேன்?

---

கடலோரக் காது எழுதியது:

பயப்படாதீர்கள், இதைச் செய்யாதவர்கள் இந்த இழையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இரண்டு தப்பு நடந்திருக்கிறது. ஒன்று, அந்த ரேடியோவில் ரிப்பீட்டரைக் கையால் சேமிப்பதென்றால் ஒரே சேனல் எண்ணில் இரண்டு தடவை சேமிக்க வேண்டும். முதல் தடவை கேட்கும் அதிர்வெண், அப்போது உள்ளேயிருந்து ஒரு அம்மா "ரிசீவிங் மெமரி" என்பார். பிறகு நீங்கள் அனுப்ப வேண்டிய அதிர்வெண்ணைத் தட்டி, அதே எண்ணில் மறுபடி சேமித்தால் "டிரான்ஸ்மிட்டிங் மெமரி" என்பார். இரண்டாவது குரல் வராவிட்டால் அது வெறும் நேரடிச் சேனல், ரிப்பீட்டருக்கு உதவாது. உதாரணத்துக்கு ரிப்பீட்டர் 145.700-ல் அனுப்பி 600 கிலோஹெர்ட்ஸ் கீழே கேட்கிறதென்றால் முதலில் 145.700, அடுத்து 145.100.

இரண்டு, 11-ஆம் மெனு கேட்பதற்கான டோன். அனுப்புவதற்கானது 13. கேட்கும் பக்கம் டோன் போட்டீர்கள் என்றால், அந்த டோன் கூடவே வரும் சிக்னலுக்கு மட்டும்தான் ரேடியோ வாயைத் திறக்கும். உங்கள் ரிப்பீட்டர் திரும்ப அனுப்பும்போது டோன் சேர்ப்பதில்லை போலிருக்கிறது, அதனால்தான் ஊமை. 11-ஐ அணைத்துவிட்டு 13-ல் டோனைப் போட்டு, முதலிலிருந்து சேமியுங்கள். டோனைச் சேமிக்கும் முன்பே வைத்துவிட வேண்டும், மறக்காதீர்கள்.

புகை அவர்களே, உங்கள் கேள்விக்கு. எச்.எஃப்-ஐ (30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பட்டைகள்) விட்டுவிட்டுச் செயற்கைக்கோள் பக்கம் வாருங்கள், மெமரி எதற்கு என்பது அங்கே தெளிவாகத் தெரியும். 2002 டிசம்பரில் ஏவிய எஸ்.ஓ-50 என்ற அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே அனுப்புவது 145.850, 67 ஹெர்ட்ஸ் டோனோடு. கீழே வருவது 436.795. ஆனால் டாப்ளர் விளைவால் அது தலைக்கு மேலே வரும்வரை கூடுதலாகவும் தாண்டியபின் குறைவாகவும் கேட்கும், இரண்டு பக்கமும் 10 கிலோஹெர்ட்ஸ் வரை. அதனால் நான் ஐந்து சேனல் போட்டு வைத்திருக்கிறேன்: 436.805, .800, .795, .790, .785. அனுப்புவது ஐந்திலும் அதே 145.850, அதே டோன். இடது கையில் யாகி ஆண்டெனா, வலது கையில் ரேடியோ, கட்டைவிரலால் சேனலை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டே வருவேன். ஆறாவதாக ஒன்று, 74.4 ஹெர்ட்ஸ் டோன். கோளின் பத்து நிமிடக் கடிகாரம் அணைந்திருந்தால் அதை எழுப்புவதற்கு மட்டும்.

மொட்டை மாடியில் இருட்டில் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டிய வேலை, அங்கே மெனுவைத் திறக்க நேரம் இல்லை. எதிர்ப்பக்கம் என்ன கேட்கிறதோ அதெல்லாம் மெமரியில் இருக்க வேண்டும். என் பக்கத்து வசதி, அதாவது ஒலி அளவு, ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்குவது), விளக்கு, இதெல்லாம் இருக்கக் கூடாது.

---

சால்டரிங் புகை எழுதியது:

எதிர்ப்பக்கத்துக்கு உரியது, என் பக்கத்துக்கு உரியது. இந்தப் பிரிவு பிடித்திருக்கிறது. ஆனால் ஸ்பிளிட் எதில் சேரும்? செயற்கைக்கோளுக்கு அது எதிர்ப்பக்கத்துடையது, ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்கு நான் மறந்து விட்டுவைத்த குப்பை. முதலில் நான் அதைச் சேமிக்கவே இல்லையே, அப்படியும் மாட்டிக்கொண்டேன்.

---

கடலோரக் காது எழுதியது:

நீங்கள் சேமிக்காமல் விட்டதால் மாட்டவில்லை. சேமிக்காததைச் சேனலை அழைக்கும்போது என்ன செய்வது என்று முடிவெடுக்காமல் விட்டீர்கள், அதில்தான் மாட்டினீர்கள்.

மூன்று வகை இருக்கிறது, எல்லோரும் இரண்டு என்றே நினைக்கிறோம். சேமித்து, அழைக்கும்போது திரும்பக் கொண்டுவருவது முதல் வகை: அதிர்வெண், மோடு, டோன். சேமிக்காதது, அழைக்கும்போது தொடவும் கூடாதது இன்னொரு வகை: ஒலி அளவு, கீயர் வேகம், சைடுடோன். நடுவில் ஒன்று இருக்கிறது, சேமிக்க வேண்டியதில்லை, ஆனால் சேனலை அழைத்தவுடன் கட்டாயம் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். ஆர்.ஐ.டி அந்த வகை. போன வாரம் யாரோ ஒருவர் 300 ஹெர்ட்ஸ் தள்ளி வந்ததற்காக நான் திருகியது இந்த வார நெட்டுக்கு எதற்கு? ஸ்பிளிட்டைப் பொறுத்தவரை, சேனலில் அனுப்பும் அதிர்வெண் தனியாக எழுதியிருந்தால் போடு, இல்லாவிட்டால் அணை. "இருந்தது இருந்தபடியே" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

---

யாழ் அலை எழுதியது:

நல்ல கதை போகுது. அதிர்வெண் எண்டு எல்லாரும் சுலபமாச் சொல்லிப்போட்டீர்கள், எந்த அதிர்வெண் எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை.

நான் உலகப் பீக்கன் வலையமைப்பைக் (அலை எங்கே எட்டுது எண்டு பார்க்கத் தானாக மோர்ஸ் அனுப்பிற நிலையங்கள்) கேட்கிறனான். 14.100, 18.110, 21.150, 24.930, 28.200, ஐந்திலும் 18 நிலையங்கள், ஆளுக்குப் பத்துப் பத்துச் செக்கன், மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. எங்கட நாட்டிலும் ஒன்று இருக்கு, 4எஸ்7பி. கிட்ட இருக்கிறதாலேயே 14-இல் பல நேரம் எனக்கு அது சரியாக் கேட்காது, அலை தலைக்கு மேலால தாண்டிப் போய்விடும். தூரத்து நிலையம் நல்லாக் கேட்கும். அழைப்புக் குறியும் முதல் கோடும் 100 வாட்டில், பிறகு 10, 1, கடைசிக் கோடு 0.1 வாட். நாலாவது கோடும் கேட்டால் அண்டைக்கு வேலைக்கு லீவு போடலாம்.

விஷயத்துக்கு வாறன். யு.எஸ்.பி-யில் வைத்துச் சரியா 14.100 எண்டு சேமித்தால் ஊதல் கேட்காது, பூஜ்யத்தில் நிற்கும். 700 ஹெர்ட்ஸில் கேட்க வேணுமெண்டால் 14.0993-இல் வைக்க வேணும். சி.டபிள்யூ மோடு உள்ள வானொலியில் 14.100 எண்டு காட்டினாலும் உள்ளே தானாகத் தள்ளி வைத்திருக்கும். நீங்கள் சேமிக்கிறது திரையில் தெரியிற எண்ணா, உண்மையில் காற்றில் போகிற எண்ணா? திரையில் தெரியிற 14.0993 போன்ற எண்ணைச் சேமித்துவிட்டுப் பிறகு சைடுடோனை 700-இல் இருந்து 600-க்கு மாற்றினால், பழைய சேனல் எல்லாம் 100 ஹெர்ட்ஸ் பிழையாப் போகும். காற்றில் போகிற எண்ணைச் சேமியுங்கோ தம்பி. மற்றதை அழைக்கேக்கை கணக்குப் போடலாம்.

---

சால்டரிங் புகை எழுதியது:

அண்ணே, நீங்கள் சொன்னதும் போய்ப் பார்த்தேன். சரியாக அந்தத் தப்பைத்தான் செய்து வைத்திருக்கிறேன். திரையில் தெரியும் எண். மாற்றுகிறேன்.

---

மாடி ஆண்டெனா எழுதியது:

பவரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எஃப்.டி-8-இல் ஒரு தடவை அனுப்பினால் ஏறக்குறைய 13 விநாடி இடைவிடாமல் முழு வீச்சில் போகும், பேச்சு மாதிரி ஏறி இறங்காது. அதற்கு 30 வாட் வைப்பேன், பேச்சுக்கு 100. 7300 மெமரியில் பவர் இல்லை, அது எனக்குக் குறைதான்.

---

பழைய வால்வு எழுதியது:

இல்லாததே நல்லது. ஒருநாள் ஆம்ப்ளிஃபயரை இணைத்துவிட்டு, 20 வாட் உள்ளே கொடுக்க வேண்டிய இடத்தில், பழைய மெமரி ஒன்று 100-ஐத் தூக்கிக் கொடுத்தால்? பவர் என் கை திருகியதாக இருக்க வேண்டும்.

---

கடலோரக் காது எழுதியது:

இரண்டு பேரும் சொல்வது சரிதான். மெமரி பவரைக் குறைக்கலாம், கூட்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. சேனலில் 30 என்று இருந்து குமிழ் 100-ல் இருந்தால் 30. குமிழ் 10-ல் இருந்தால் 10 தான்.

---

சால்டரிங் புகை எழுதியது:

சண்டை போடாதீர்கள், மைக்ரோ பிட்எக்ஸில் பவரை நிரலால் தொடவே முடியாது, பலகையில் ஸ்குரூடிரைவரால் திருகுகிற குட்டிப் பொட் (திருகு மின்தடை) மூலம்தான். ஆனால் ஆண்டெனா கேள்வி எனக்கு உண்டு. காலியாக இருந்த ஒரு பின்னில் ரிலே வைத்து 7-க்கு டைபோல், மற்றதற்கு எண்ட்-ஃபெட் என்று இரண்டு ஆண்டெனாவை மாற்றுகிறேன். சேனலில் ஆண்டெனா எண்ணும் வேண்டுமா?

---

மாடி ஆண்டெனா எழுதியது:

வேண்டாம். அது சேனலுக்கு உரியது இல்லை, பட்டைக்கு உரியது. 7-ல் இருபது சேனல் இருந்தால் இருபதிலும் "டைபோல்" என்று எழுதி, புயலில் டைபோல் விழுந்த அன்று இருபதையும் திருத்துவீர்களா? பட்டைக்கு ஒரு வரி என்று சின்ன அட்டவணை தனியாக வையுங்கள். லோ-பாஸ் ஃபில்டர் ரிலேவை அதிர்வெண் பார்த்துத்தானே நிரல் மாற்றுகிறது, அதே இடத்தில் இதையும் சேர்த்துவிடலாம்.

---

விடியற்கால நெட் எழுதியது:

அண்ணா, இரண்டாவது குரல் வந்தது!! ரிப்பீட்டர் திறந்துவிட்டது. ரொம்ப நன்றி. 

இன்னொரு சந்தேகம், சேனலுக்குத் தமிழில் பெயர் வைக்க முடியாதா?

---

சால்டரிங் புகை எழுதியது:

வாழ்த்துகள்! உங்கள் ரேடியோவில் ஏழு ஆங்கில எழுத்து, அதுவும் கணினியில் சிர்ப் மாதிரி மென்பொருள் வழியாகத்தான்.

என் ரிக்கில் தமிழை முயன்று பார்த்தேன், ஆசை யாரை விட்டது. யூனிகோடில் "நெட்" என்ற சொல்லை யு.டி.எஃப்-8-ல் எழுதினால் ந, கொம்பு, ட, புள்ளி என நான்கு குறி, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 12. ஆங்கிலத்தில் மூன்றே பைட். சரி, நானே ஒரு குறுக்கு அட்டவணை போட்டால் இடம் மிச்சம், ஆனால் அந்த இரண்டு வரித் திரையில் ஒரே நேரத்தில் நாமாக வரைந்து வைக்க எட்டு எழுத்துக்குத்தான் இடம், ஒவ்வொன்றும் ஐந்துக்கு எட்டுப் புள்ளி. ஐந்து புள்ளி அகலத்தில் "ணை" வரைந்து பாருங்கள். என் வீட்டில் காட்டினேன், இது என்ன கம்பளிப்பூச்சியா என்று கேட்டார்கள்.

---

பழைய வால்வு எழுதியது:

பெயர் வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன், ஆனால் ஒன்று ஞாபகம் வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் முப்பது மணி நேரம் தூங்காமல் இருந்துவிட்டு, ரிக்கை இன்னொரு பையன் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால் அவன் ஒரு சேனலும் மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். எது எது என்று அவனுக்குத் தெரியவில்லை, என் நோட்டில் இருந்த கையெழுத்து எனக்கே சில நேரம் புரியாது. அன்றைக்கு ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பெயர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம் நாடு இருக்கும் அமெச்சூர் ரேடியோ மூன்றாம் மண்டலத்துக்கு அவசரகால மைய அதிர்வெண்கள் என்று 3.600, 7.110, 14.300, 18.160, 21.360 இருக்கின்றன. அந்த ஐந்தையும் முதல் ஐந்து சேனலில் போட்டு, தவறி அழியாதபடி பூட்டி வையுங்கள், தம்பி. பெயரோடு. சரி, தோற்றேன்.

---

சால்டரிங் புகை எழுதியது:

ஐயா, முதல் ஐந்து உங்கள் ஐந்துதான்.

எல்லாவற்றையும் வைத்து நேற்று ராத்திரி மறுபடி எழுதினேன். ஒரு சேனலுக்கு 13 பைட். முதல் நான்கில் காற்றில் போகும் அதிர்வெண், ஹெர்ட்ஸ் கணக்கில். 3 கோடி ஹெர்ட்ஸுக்கு 25 பிட் போதும் என்பதால் நான்கு பைட்டில் 7 பிட் மிஞ்சுகிறது, மோடு, பூட்டு, ஸ்பிளிட் உண்டா என்பதெல்லாம் அந்த மிச்சத்தில் அடங்கிவிட்டது. அடுத்த இரண்டு பைட், அனுப்பும் அதிர்வெண் எவ்வளவு தள்ளி என்பது, 10 ஹெர்ட்ஸ் படியில், அதனால் இரண்டு பக்கமும் 327 கிலோஹெர்ட்ஸ் வரை போகலாம், 7-க்கும் 14-க்கும் நடுவே ஸ்பிளிட் போடவே இனி முடியாது, என் மாடிப்படிக்கு நிம்மதி. ஆறு பைட் பெயர், ஒன்று சரிபார்ப்பு எண். அறுபது சேனலுக்கு 780 பைட், மீதியில் அளவுத்திருத்தமும் ஆண்டெனா அட்டவணையும். எழுதப்படாத ஈப்ராம் எல்லா இடத்திலும் 255 என்றே படிக்கும் என்பதால் காலிச் சேனலுக்குத் தனி அடையாளம் தேவைப்படவில்லை.

ஆர்.ஐ.டி சேமிப்பதில்லை, அழைத்தால் பூஜ்யம். கீயர் வேகத்தைத் தொடுவதில்லை.

---

மாடி ஆண்டெனா எழுதியது:

குமிழைத் திருகத் திருக அதிர்வெண்ணை ஈப்ராமில் எழுதுகிறீர்களா? அந்தச் சில்லுக்கு ஓர் இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதத்தான் உத்தரவாதம். விநாடிக்கு ஒரு தடவை எழுதினால் 28 மணி நேரத்துக்குள் கணக்கு முடிந்துவிடும்.

---

சால்டரிங் புகை எழுதியது:

முன்பு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது குமிழை விட்டு 30 விநாடி ஆன பிறகு, மாறியிருந்தால் மட்டும்.

நிரலைச் சுத்தம் செய்து இந்த வாரத்துக்குள் இங்கே போடுகிறேன். ஒன்று மட்டும் இன்னும் உதைக்கிறது: பூட்டிய சேனலை அழைத்து, குமிழைக் கொஞ்சம் திருகிவிட்டால், திரையில் சேனல் பெயரை அப்படியே விடுவதா, எடுத்துவிடுவதா?

---

கடலோரக் காது எழுதியது:

எடுத்துவிடுங்கள். ஒரு ஹெர்ட்ஸ் நகர்ந்தாலும் அது அந்தச் சேனல் இல்லை.

---

பழைய வால்வு எழுதியது:

விடுங்கள், பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். அந்தப் பையன் எங்கிருந்து நகர்ந்தான் என்று தெரிய வேண்டாமா?